அட்டைப்பெட்டியில் ஒரு ரேஷன் கடை: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

லிஃப்டுக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் 'குழந்தைகளின் ஒழுங்கு தொடர்பாக' என்ற தலைப்பில் நீங்கள் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையைப் படித்தேன். தாழ்வாரத்தில் விளையாடக் கூடாது. தரையிலும் சுவரிலும் சாக்பீஸ், கரி, செங்கல் துண்டு கொண்டு எழுதவோ வரையவோ கூடாது. கல், மணல், இலை, அட்டைப்பெட்டி முதலியவற்றைப் பொதுப் பகுதிக்குக் கொண்டுவரக் கூடாது. புல்தரையில் கால் வைக்கக் கூடாது. லிஃப்டைத் தேவையின்றி நிறுத்தி வைக்கக் கூடாது. விளையாட்டுத் திடல் மாலை 5 மணி முதல் 6.30 வரை மட்டுமே. மீறினால் முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை 500 ரூபாய் அபராதம். அது பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்த்து வசூலிக்கப்படும்.

இதைப் பற்றிப் பேச அலுவலக அறைக்கு வந்தேன். எதுவானாலும் எழுத்தில் கொடுங்கள் என்றார்கள். கொடுக்கிறேன். ஆனால் உங்களுக்கு மட்டுமான கடிதமாக இதை எழுத மனம் வரவில்லை. ஏனென்றால் இந்தச் சுற்றறிக்கை நம் வளாகத்தின் சொந்தச் சரக்கு அல்ல. மேடவாக்கத்திலும் சிறுசேரியிலும் கோவை சரவணம்பட்டியிலும் உறவினர்களின் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனபோது ஏறத்தாழ இதே வாசகங்களைப் படித்திருக்கிறேன். ஒரு சங்கம் எழுதியதை வாட்ஸ்அப்பில் வாங்கி, மற்றவர்கள் பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. பதிலும் அதே வழியில் போய்ச் சேரட்டும்.

உங்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. வண்டி வந்து திரும்பும் பாதையில் குழந்தைகள் நிற்கக் கூடாது. மாடிப்படியும் தீயணைப்புக் குழாய்ப் பெட்டியின் முன்புறமும் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். இரண்டாம் தளத்தில் இரவுப் பணி முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிற இளைஞர் ஒருவர் இருக்கிறார். அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர்கள் வாசலில் பந்து அடிக்கும் பையனை நானே விரட்டுவேன். இதிலெல்லாம் நமக்குள் வழக்கே இல்லை.

சுற்றறிக்கையை எழுதியவர் மனத்தில் இருந்தவர்கள் மட்டையும் சைக்கிளுமாக வரும் பத்து, பன்னிரண்டு வயதுப் பையன்கள் என்று தெரிகிறது. மாட்டிக்கொண்டிருப்பவர்கள் மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரையிலான சிறுசுகள். சாக்பீஸ், கல், இலை, அட்டைப்பெட்டி என்று நீங்கள் போட்டிருக்கும் பட்டியல் முழுக்க அவர்களுடைய சொத்துப் பட்டியல்தான். அவர்கள் எதையும் உடைப்பதில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து எதையாவது நடத்திக்கொண்டிருப்பார்கள். எதை நடத்துகிறார்கள் என்று நின்று பார்த்திருக்கிறீர்களா?

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஐந்தாம் தளத்தில் புதிதாகக் குடிவந்தவர்கள் ஃபிரிட்ஜ் வாங்கினார்கள். ஃபிரிட்ஜ் உள்ளே போனது. ஆளுயர அட்டைப்பெட்டி வெளியே வந்தது. தாழ்வாரத்தின் கடைக்கோடியில், யாருடைய வாசலையும் மறைக்காத இடத்தில், அதைச் சாய்த்து வைத்தார்கள். அன்று மாலைக்குள் என் ஆறு வயது மகள் அதை ரேஷன் கடையாக்கிவிட்டாள். கோடை விடுமுறையில் சிவகங்கைப் பக்கம் அப்பத்தா வீட்டில் இருந்தபோது, அப்பத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போய்வந்தவள். அங்கே அவள் சும்மா நிற்கவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

என்னைக் கொண்டு ஒரு ஜன்னல் வெட்டிக்கொண்டாள். ஜல்லிக்கல் துவரம் பருப்பானது. நந்தியாவட்டை இலை கோதுமை. தண்ணீர் பாட்டில் பாமாயில். தராசு வேண்டுமே என்று யோசித்து, உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றின் மேல் சாக்பீஸால் எண்கள் எழுதி முன்னால் வைத்தாள். ரேகை வைக்கும் இயந்திரத்துக்கு என்னுடைய காலி சோப்பு டப்பா. முதல் வாடிக்கையாளன் அவளுடைய தம்பி, நான்கு வயது. விரலை வைத்தான்.

"ரேகை விழவில்லை. கையைத் துடைத்துவிட்டு வையுங்கள்."

டிரவுசரில் துடைத்துவிட்டு வைத்தான்.

"இப்போதும் விழவில்லை. சர்வர் இல்லை. நாளைக்கு வாருங்கள்."

அவன் மறுபேச்சு பேசவில்லை. நாலு எட்டு நடந்தான், திரும்பினான், "நாளைக்கு ஆகிவிட்டது" என்று சொல்லி மறுபடியும் வரிசையில் நின்றான். அவனைத் தவிர வரிசையில் யாருமே இல்லை. அதற்குள் சுற்றுக்கு வந்த காவலாளி பெரியவரையும் அவள் விடவில்லை. தம்பிக்குப் பின்னால் நிற்கச் சொன்னாள். அவர் நின்றார். கையிலிருந்த பதிவேட்டையே ஸ்மார்ட் கார்டாக நீட்டினார். "தாத்தா, அரிசி வந்துவிட்டது. சர்க்கரை அடுத்த மாதம்தான்" என்றாள். "போன தடவை எடை குறைந்துவிட்டதம்மா, பார்த்துப் போடு" என்றார் அவர். அவள் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு இன்னும் ஒரு கைப்பிடி கல்லை அள்ளி அவருடைய தொப்பியில் போட்டாள்.

மறுநாள் காலை கடை இல்லை. பொதுப் பகுதியில் பொருள் வைக்கக் கூடாது என்று துப்புரவுப் பணியாளரிடம் சொல்லியிருந்தீர்கள். அவர் எடுத்துக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

இப்போது உங்கள் தலைப்புக்கு வருகிறேன். 'ஒழுங்கு.' என் மகன் வீட்டில் அடுத்த தோசை வரும்வரை பொறுக்க மாட்டான், தட்டைத் தாளமிடுவான். பல் விளக்க அவனை அழைத்துப் போவதே ஒரு போராட்டம். அதே பையன், ஆளே இல்லாத வரிசையில், கிடைக்காத பருப்புக்காக, தன் முறை வரும்வரை நின்றான். யாரும் அதட்டவில்லை. ரேஷன் கடை என்றால் நிற்கத்தான் வேண்டும் என்று அவனுக்கே தெரிந்திருந்தது. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 1933ஆம் ஆண்டு குழந்தைகளின் விளையாட்டைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தையைப் பற்றிய பேச்சு அதில்தான் வருகிறது. கற்பனை விளையாட்டில் விதி இல்லை என்று நினைப்பது தவறு, விதி இல்லாமல் கற்பனை விளையாட்டே இல்லை என்பது அவர் வாதம். அம்மாவாக நடிக்கும் குழந்தை அம்மா எப்படி நடந்துகொள்வாளோ அப்படித்தான் நடந்தாக வேண்டும். மனம் போனபடி நடந்தால் ஆட்டம் கலைந்துவிடும். விளையாடும்போது குழந்தை தன்னைவிடத் தலையளவு உயர்ந்து நிற்கிறது என்றும் அவர் சொன்னார். அந்தத் தலையளவு உயரத்தைத்தான் நான் அன்று தாழ்வாரத்தில் பார்த்தேன். ஒழுங்கைக் கொண்டுவர நினைத்து, ஒழுங்கு தானாக வந்துகொண்டிருந்த இடத்தையே நீங்கள் பெருக்கித் தள்ளிவிட்டீர்கள்.

லிஃப்ட் விவகாரம் என் மகன் தொடர்பானது என்பது எனக்குத் தெரியும். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு டிங்கு என்று ஒரு நண்பன் உண்டு. டிங்குவை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. டிங்குவுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது, ஊசி என்றால் பயம், அவன் வீட்டில் யானை இருக்கிறது. ஒரு நாள் காலையில் பள்ளி வேனுக்குப் போகும் நேரத்தில் லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, "டிங்கு இன்னும் செருப்பு போட்டுக்கொண்டிருக்கிறான்" என்றான். உள்ளே இருந்த பெரியவர் ஒருவர், யாருமே இல்லையே, ஏன் பொய் சொல்கிறாய் என்று சத்தம் போட்டார். பொய் என்ற சொல்லைக் கேட்டதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. மூன்றாம் தளத்துப் பாட்டி ஒருவரும் உள்ளே இருந்தார். அவர் ஓரமாக நகர்ந்து இடம் விட்டு, "வாப்பா டிங்கு, சீக்கிரம் ஏறு, வேன் போய்விடும்" என்றார். கதவு மூடியது. பெரியவரின் புகார் அன்றே உங்கள் பதிவேட்டில் ஏறியது.

இப்படிப்பட்ட கண்ணுக்குத் தெரியாத நண்பர்களைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஜோரி டெய்லர். அவரும் சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் பார்த்த குழந்தைகளில் 65 விழுக்காட்டினருக்கு ஏழு வயதுக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் அப்படி ஒரு துணை இருந்திருக்கிறது. பேசும் பொம்மைகளையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. இதைவிட எனக்குப் பிடித்த செய்தி வேறு. ஆராய்ச்சியாளர்கள் மிகுந்த அக்கறையோடு அந்த நண்பனைப் பற்றிக் கேள்வி மேல் கேள்வி கேட்கும்போது, சில குழந்தைகள் இவர்கள் உண்மையென்று நம்பிவிட்டார்களோ என்று கவலைப்பட்டு, இது சும்மா விளையாட்டுக்கு என்று எடுத்துச் சொல்வார்களாம். பொய்க்கும் கற்பனைக்கும் உள்ள வேறுபாடு குழந்தைக்குத் தெரியும். நம் லிஃப்டில் அது மூன்றாம் தளத்துப் பாட்டிக்கும் தெரிந்திருந்தது.

லிஃப்ட் கதவில் கை வைப்பது ஆபத்து என்று அவனுக்குச் சொன்னேன். ஒரு நாள் யோசித்தான். இப்போது டிங்கு படியில் இறங்கி எங்களுக்கு முன்பே கீழே வந்து நிற்கிறான். இந்த ஏற்பாடு முழுக்க மகனுடையது. 500 ரூபாய் செலவில்லாமல் முடிந்தது.

வீட்டுக்குள் விளையாடட்டுமே என்பீர்கள். விளையாடுகிறார்கள். எங்களுடையது இரண்டு படுக்கையறை வீடு. சாப்பாட்டு மேசைக்கு அடியில் ராமேசுவரம் கப்பல் நிற்கிறது. அதன் பாய்மரம் என் பருத்திப் புடவை. சோபா மெத்தைகள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்து பல மாதங்கள் ஆகின்றன. கரண்டியைத் தேடினால் அது துடுப்பாகப் போயிருக்கும். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது கப்பலில் புயல் அடித்து, எல்லோரும் தரையில் குதிக்கிறார்கள். உடனே கீழ்வீட்டிலிருந்து தொலைபேசி வருகிறது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நடுவில் இருப்பது ஒரு கான்கிரீட் தளம், அவர்கள் தலைக்கு மேல்தான் எங்கள் கடல். ஆக, உள்ளே குதித்தால் கீழ்வீடு, வெளியே உட்கார்ந்தால் சங்கம். யாருக்கும் தொந்தரவில்லாமல், சத்தமில்லாமல், குப்பையில்லாமல், இருந்த இடத்திலேயே ஆடக்கூடிய விளையாட்டு ஒன்றே ஒன்றுதான் மிச்சம்: அதற்கு ஒரு கைபேசியும் சார்ஜரும் போதும். இந்த வளாகத்தில் மாலை ஏழு மணிக்குக் கதவு திறந்திருக்கும் வீடுகளை எட்டிப் பார்த்தால், சுற்றறிக்கைக்கு முழுமையாகக் கட்டுப்பட்ட குழந்தைகளை நீல வெளிச்சத்தில் காணலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைந்து விளையாட வேண்டும், திரை முன் உட்காரும் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது அது. நீங்கள் கொடுப்பது 90 நிமிடம். சென்னையில் அதுவும் முழுதாகக் கிடைக்காது. கத்திரி வெயில் நாட்களில் ஐந்து மணிக்குச் சறுக்குமரத்தில் உட்கார்ந்தால் தொடை பொசுங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மழை விட்டால் ஆறு மணிக்குக் கொசு. நேரம் குறித்தவர் நாட்காட்டியைப் பார்க்காமல் கடிகாரத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

திடல் இருக்கிறதே, இவ்வளவு செலவு செய்து ரப்பர் தரை போட்டோமே என்ற உங்கள் வருத்தம் புரிகிறது. அதற்கு நன்றி. ஆனால் சறுக்குமரம் எப்போதும் சறுக்குமரம்தான். ஏறலாம், இறங்கலாம். நாலாவது முறை ஏறும்போது குழந்தைக்கே அலுத்துவிடுகிறது. பிறகு திடலின் ஓரத்தில் உதிர்ந்து கிடக்கும் சரக்கொன்றைக் காயைப் பொறுக்கப் போகிறது, தோட்டக்காரர் அதட்டுகிறார். டென்மார்க்கில் கார்ல் தியோடர் சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளர் முறையான விளையாட்டுத் திடல்களைக் கட்டிக்கொண்டிருந்தவர். குழந்தைகள் அவற்றை விட்டுவிட்டுக் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் வேண்டாத சாமான் குவியல்களிலும் விளையாடுவதைக் கவனித்தார். அதன் விளைவாக 1943இல், ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், கோபன்ஹேகனை ஒட்டிய எம்ட்ரப்பில் பலகை, கயிறு, செங்கல், உடைசல் சாமான்களையே போட்டு ஒரு விளையாட்டு இடம் திறந்தார்கள். அதைப் பார்த்துப் பிரிட்டனிலும் மற்ற நாடுகளிலும் இத்தகைய இடங்கள் வந்தன. ஒரு பொருள் எந்த அளவுக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறதோ, அந்த அளவுக்கு அது எதுவாகவும் ஆகும். சறுக்குமரத்தை ரேஷன் கடையாக்குவது கடினம்.

டென்மார்க் வரை ஏன் போக வேண்டும்? தெருவில் மணலால் தாங்கள் கட்டிய சிற்றிலை, அதாவது விளையாட்டு வீட்டை, காலால் சிதைத்த பையனைப் பற்றித் தோழியிடம் ஒரு பெண் நினைவுகூரும் கலித்தொகைப் பாட்டு பள்ளிப்பாடத்தில் உங்களில் பலருக்கு வந்திருக்கும். மணலில் வீடு கட்டுவது, மணலையே சோறாக்கிப் படைப்பது எல்லாம் அன்றைக்குத் தெருவில் நடந்தன. பிள்ளைத்தமிழில் ஆண்பாலுக்கு வகுத்த பத்துப் பருவங்களில் கடைசி மூன்று என்னென்ன? சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். முருகனானாலும் கலைத்தும் தட்டியும் உருட்டியும்தான் வளர்ந்தாக வேண்டும் என்று புலவர்கள் வைத்திருக்கிறார்கள். சிறுபறை முழக்கலுக்கு நம் சங்கம் எவ்வளவு அபராதம் போடும் என்று தெரிந்துகொள்ள ஆவல்.

இன்னொன்று கேட்க வேண்டும். மார்கழியில் நீங்களே கோலப் போட்டி நடத்துகிறீர்கள். அன்று காலை கார்கள் வெளியே போக வழியில்லை. யாரும் முகம் சுளிப்பதில்லை, நானும் சுளித்ததில்லை. முதல் பரிசு குக்கர். கலர்ப்பொடி பொங்கல் வரை தரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். நவராத்திரிக்குச் சமுதாயக் கூடத்தில் கொலு வைக்கிறீர்கள். படிக்குக் கீழே மணல் கொட்டி, கேழ்வரகு முளைக்க வைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியில் குளம் செய்து பூங்கா அமைக்கிறீர்கள். அதைச் செய்யும் மாமிகளின் முகத்தில் அந்த ஒன்பது நாளும் ஆறு வயதுதான் தெரிகிறது. தரையில் வரைவதும் மணலில் ஊர் சமைப்பதும் பெரியவர்கள் செய்தால் பண்பாடு, சிறியவர்கள் செய்தால் அசுத்தமா? என் மகள் சாக்பீஸால் போட்ட பேருந்துத் தடம் ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும். போவதற்கு முன் அதில் மூன்று நிறுத்தங்கள் இருந்தன என்பதையும், ஒவ்வொன்றிலும் நின்று ஏற்றிக்கொண்டுதான் தம்பியின் முச்சக்கர சைக்கிள் நகர்ந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

குழந்தைகளின் படைப்பாற்றலுக்கு நாங்கள் எதிரி அல்ல, ஆண்டுதோறும் ஓவியப் போட்டி நடத்துகிறோமே என்று செயலாளர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உண்மைதான். சுதந்திர தினத்துக்குத் தண்ணீரைச் சேமிப்போம், குடியரசு தினத்துக்குத் தூய்மை. வரும் ஓவியங்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து நேராக இறங்கும் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை. இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் வாழ்நாளில் பார்த்த மலை பல்லாவரத்து மலை; அது முக்கோணமாக இல்லை, பாதி வெட்டப்பட்டுக் கிடக்கிறது. அவர்களை அந்த மலையை வரைய விட்டிருந்தால் எனக்கும் பார்க்க ஆசையாக இருக்கும். அதற்குள் பென்சிலால் அம்மா போட்டுக் கொடுத்த கோட்டுக்குள் பச்சை தீட்டி, கோட்டைத் தாண்டாதவருக்குக் கோப்பை கொடுத்துவிடுகிறோம். மாறுவேடப் போட்டி இன்னும் மோசம். கண்மையால் மீசை வரைந்து, முண்டாசு கட்டி, அழுகிற குழந்தையை மேடைக்குத் தள்ளி, மனப்பாடம் செய்த நாலு வரியைச் சொல்லச் சொல்லி, பின்னால் நின்று அப்பா வாயசைக்கிறார். வேடம் போட ஆசைப்படுகிற குழந்தையிடம் என்னவாக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். என் மகன் லிஃப்டாக வேண்டும் என்கிறான். இரண்டு கையையும் கதவாக வைத்துத் திறந்து மூடிக் காட்டுகிறான். ஆள் ஏறும்போது எடை அதிகம் என்று கூவுகிறான். இதற்கு மாறுவேடப் போட்டியில் பிரிவு இல்லை.

சென்ற பொதுக்குழுவில் ஒருவர் ஒலி மாசு விதிகளை எடுத்துப் படித்தாராம். 2000ஆம் ஆண்டின் அந்த விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருப்பது சரி. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. நம் சிறுசுகள் ஒன்பதரைக்குத் தூங்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் கேட்பது கார்களின் திருட்டு எச்சரிக்கை ஒலி. அண்டை வீட்டார் அமைதிக்குப் பேர்போன ஜெர்மனியிலேயே, குழந்தைகள் காப்பகங்கள் மீது வழக்கு மேல் வழக்குப் போட்டுப் பார்த்த பிறகு, 2011இல் சட்டத்தைத் திருத்தினார்கள். காப்பகத்திலும் விளையாட்டுத் திடலிலும் எழும் குழந்தைகளின் சத்தத்தைப் பொதுவாகத் தீங்கான மாசு என்று கொள்ளக் கூடாது, வழக்கமான ஒலி வரம்பை வைத்து அதை எடை போடக் கூடாது என்பது திருத்தம். நம் நாடும் 1992இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் உரிமை என்றே சொல்கிறது. சட்டம் பேச ஆரம்பித்தால் இரு தரப்பும் பேசலாம். எந்தத் துணைவிதியின்கீழ், எந்தப் பொதுக்குழுத் தீர்மானத்தின்படி ஐந்து வயதுக் குழந்தைக்கு அபராதம் என்று நானும் கேட்கலாம். அக்கம்பக்கத்தில் இருந்துகொண்டு அந்த எல்லைக்குப் போக விருப்பமில்லை.

எனக்கு வேண்டியது இடம். அதுவும் உங்களுக்குப் பயன்படாத இடம். பின்பக்கம் போர்வெல் அறைக்கும் மதிற்சுவருக்கும் நடுவில் வேப்பமரத்தடி ஒன்று இருக்கிறதே, அங்கே இப்போது என்ன இருக்கிறது? மூன்றாம் பிளாக்கில் கழற்றிய பழைய கழிப்பறைக் கோப்பைகள், உடைந்த டைல்ஸ், துருப்பிடித்த கிரில், சென்ற ஆண்டுப் பந்தலின் சவுக்குக் கட்டைகள். பொதுப் பகுதியில் பொருள் வைக்கக் கூடாது என்ற விதி சங்கத்தின் பொருளுக்கு இல்லை போலும். அவற்றில் கூரானவற்றையும் உடைந்தவற்றையும் அப்புறப்படுத்துங்கள். கட்டைகளை விட்டுவிடுங்கள், அவை வேண்டும். ஒரு சிறிய வண்டி மணல் கொட்டுங்கள். பூனை அசுத்தம் செய்யும் என்று பொருளாளர் சொல்வார். இரவில் தார்ப்பாய் போட்டு மூடினால் போதும், அந்தப் பொறுப்பு பெற்றோருடையது. கொட்டாங்கச்சியில் தண்ணீர் தேங்கினால் டெங்குக் கொசு வரும், மாநகராட்சி ஆள் வந்து நோட்டீஸ் ஒட்டுவார் என்பார். எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கடையை மூட வேண்டும் என்று என் மகளிடம் சொன்னால் அவளே உங்கள் எல்லோரையும்விடக் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்வாள். முறை வைத்து ஒரு பெற்றோர் அங்கே உட்கார்ந்திருப்போம். அப்பாக்களும் வருவார்கள், பெயர்ப் பட்டியலில் அவர்களைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன்.

அந்த வேப்பமரத்தடிக்குப் போகும் பாதையில் இருக்கும் சிமென்ட் தரையில் சாக்பீஸுக்கு அனுமதி வேண்டும். சுவருக்குக் கேட்கவில்லை, பெயின்ட் செலவு தெரியும். யார் வீட்டிலாவது ஃபிரிட்ஜோ சலவை இயந்திரமோ வந்தால், அந்த அட்டைப்பெட்டி பழைய பேப்பர்காரருக்குப் போகும் முன் ஒரு வாரம் வேப்பமரத்தடியில் இருக்கட்டும். நனைந்து தொய்ந்த பிறகு நாங்களே எடைக்குப் போட்டுப் பணத்தைச் சங்கத்தில் கட்டுகிறோம். நேரத்தைக் கோடையில் ஐந்தரை முதல் ஏழரை, மற்ற மாதங்களில் நாலு முதல் ஆறரை என்று மாற்றுங்கள். பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு அபராதம் என்ற வரியை எடுத்துவிடுங்கள். காவலாளி பெரியவர் சுற்றுக்கு வரும்போது இரண்டு நிமிடம் வரிசையில் நின்றதற்காக அவரிடம் விளக்கம் கேட்டதாக அறிந்தேன்; அந்த விளக்கக் கடிதத்தை அவருடைய கோப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். இது என் கோரிக்கைகளிலேயே அவசரமானது.

வரும் மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், வாகன நிறுத்தத் தகராறுக்கு முன்னால் இதைச் சேர்க்க வேண்டும். அதற்குப் பின்னால் வைத்தால் ஒருவரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். கண்காணிப்புக் கேமராவுக்குத் துணைக்குழு, தண்ணீர் லாரிக்குத் துணைக்குழு இருப்பதுபோல் இதற்கும் ஒன்று அமைக்கலாமே என்று யாராவது எழுந்து சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அமைத்தால் அவர்கள் முதல் வேலையாக வேப்பமரத்தடிக்கு ஒரு திறப்பு விழாவும், சிறந்த மணல் வீட்டுக்கு ஒரு போட்டியும் வைத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஐந்தாம் தளத்தில் வசிக்கும், இரண்டு குழந்தைகளின் தாய்
(பராமரிப்புக் கட்டணப் பாக்கி ஏதுமில்லை)